கண் ஒருத்தி, கால் ஒருத்தி

ஆட்டம் தொடங்கி நாலு நிமிஷம் ஆவதற்குள் ஸ்கேல் அம்மாவுக்கு வியர்த்துவிட்டது.

மைதானத்துக்கு மேலே, செங்குத்தான இரும்புப் படி ஏறிப் போனால் வரும் கண்ணாடி அறை அது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பஞ்சுத் தொப்பி போட்ட ஒரு மைக். அந்த மைக்கில் அவர் சொல்வது, கீழே கம்பித் தடுப்பை ஒட்டிய முதல் வரிசையில் இருந்த பதினெட்டுப் பேரின் காதில் போய் விழும். பதினெட்டுப் பேருக்கும் பார்வை கிடையாது. எதிரணியின் ரசிகர்கள்; தங்கள் பெண்கள் ஆடுவதைக் கேட்க பஸ் ஏறி வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் ஆங்கிலம்.

பார்வையில்லாதவர்களுக்குக் கால்பந்து ஆட்டத்தைச் சொல்வது அந்தக் குடும்பத்துக்குப் புதிய வேலை அல்ல. அப்பா தொடங்கி வைத்தது. அவருக்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாகத் தம்பி செய்கிறார், பக்கத்துக் கண்ணாடி அறையில், தமிழில். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதுவும் அந்த வீட்டு மைக்கில் வராது என்று ஊரே சொல்லும். ஆனால் இந்த வருஷம் போட்டி நடத்துகிறவர்கள் புது விதி ஒன்று கொண்டுவந்தார்கள். இனி ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே குழுதான் செய்ய வேண்டும். ஆங்கிலம் தேறாவிட்டால் தமிழும் கையை விட்டுப் போய்விடும். தேறுகிறதா என்று பார்க்க மேற்பார்வையாளர் அம்மாள் ஒருவர் வந்திருந்தார். அவரும் பார்வையில்லாதவர். அந்தப் பதினெட்டுப் பேருக்கு நடுவே அவரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இங்கிலீஷுக்கு யாராவது வெளியாளைக் கூப்பிட்டுக்கலாமா அக்கா?" என்று தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "நம்ம வீட்டு மைக்ல வெளியாளா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டு முன்வந்தவர் ஸ்கேல் அம்மாதான். முப்பத்தைந்து வருஷம் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதியவர். அவர் எழுதியதில் மேலதிகாரி ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட்டது கிடையாது. நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்தே உட்காருவதால் அங்கே வைத்த பெயர் ஸ்கேல் அம்மா. ஓய்வு பெற்ற பிறகும் முதுகு வளையவில்லை, பெயரும் போகவில்லை.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பைனாகுலரும் கையுமாகத் தம்பி மனைவி. டிரைவிங் ஸ்கூலில் பதினாறு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஓடுகிறவளின் முகத்தையும் காலையும் ஒரே சமயத்தில் ஒருவர் பார்க்க முடியாது என்பது அப்பா காலத்து அனுபவம். அதனால் அந்தக் குடும்பத்தில் வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். கண் ஒருவருக்கு, கால் ஒருவருக்கு. யார் எங்கே பார்க்கிறாள் என்பதை மைக் பிடித்தவர் கவனிப்பார். யார் எங்கே நகர்கிறாள் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் கவனித்து, காதோரமாக இரண்டு வார்த்தையில் எடுத்துக்கொடுப்பார். மைக் பிடித்தவர் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்.

மூன்று வாரம் வீட்டுக் கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டுப் பயிற்சி நடந்தது. தம்பி மகள் தலையணையைப் பந்தாக வைத்துக்கொண்டு ஓடுவாள், திரும்புவாள், எட்டிப் பார்ப்பாள், குனிவாள். இவர்கள் இருவரும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பூனை என்று பெயர். எங்கிருந்து விழுந்தாலும் நேராக நிற்பாள். உள்ளூர் அணியின் கோல்கீப்பர் அவள்தான். இதோ இப்போதும் கீழே, மஞ்சள் சட்டையும் பெரிய கையுறையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"கட்ஸ் இன்" என்று காதோரம் கிசுகிசுத்தாள் தம்பி மனைவி. எதிரணியின் குட்டை முடிக்காரி ஓரத்திலிருந்து சட்டென்று உள்ளே வெட்டித் திரும்பியிருந்தாள்.

ஸ்கேல் அம்மா மைக்கை நோக்கிக் குனியாமல், மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்து, கணீரென்று தொடங்கினார். குறிப்பிட்ட ஆட்டக்காரர் தற்போது கோல் இருக்கும் திசையை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறார் என்பதாகப் போனது அந்த ஆங்கில வாக்கியம். நடுவில் 'ப்ரொசீடிங்' என்ற சொல் கம்பீரமாக வந்து நின்றது. அது முடிவதற்குள் பந்து அடிக்கப்பட்டு, கம்பத்தில் பட்டு, வெளியே போய், ஐந்தாயிரம் பேர் "ஓ" என்று கத்தி அடங்கிவிட்டார்கள். கீழே பதினெட்டுத் தலைகளும் இடமும் வலமும் திரும்பின. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது மேலிருந்தே தெரிந்தது.

"அண்ணி, பந்து வெளிய போயி ஒரு யுகம் ஆச்சு" என்றாள் தம்பி மனைவி.

"எனக்குத் தெரியும். வாக்கியத்தை முடிக்க விடு."

"நீங்க முடிங்க. அவங்க ஆட்டத்தை முடிச்சுட்டுக் கிளம்பிடுவாங்க."

முதல் பாதி முழுக்க இதே கதைதான். உள்ளூர் அணி ஒரு கோல் போட்டது. அதைப் போட்டவள் யார் என்று ஸ்கேல் அம்மா சொல்லி முடித்தபோது ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது.

இடைவேளைக்கு விசில் அடித்ததும் மேஜையின் மேலிருந்த தொலைபேசி ஒலித்தது. மேற்பார்வையாளர் அம்மாள். மரியாதையாகவே பேசினார். உங்கள் ஆங்கிலத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம், அத்தனை அழகு என்றார். ஆனால் எனக்குக் கூட்டத்தின் கத்தல் முதலில் வருகிறது, உங்கள் வார்த்தை பிறகு வருகிறது. கத்தலை நானே கேட்டுக்கொள்வேன், அதற்கு முந்தைய நொடிக்காகத்தான் நீங்கள் எனக்கு வேண்டும் என்றார். இதே வேகம் என்றால் கையெழுத்துப் போட என்னால் முடியாது, இன்னும் பாதி ஆட்டம் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஸ்கேல் அம்மா ரிசீவரை வைத்தார். முகம் சிவந்திருந்தது. அந்தக் குடும்பத்து மைக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. முதல் குறை, அதுவும் தன்னால்.

"என்னவாம்?" என்றாள் தம்பி மனைவி.

"லேட்டாம்."

தம்பி மனைவி சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு நன்றி சொல்லலாம். ஆனால் ஸ்கேல் அம்மா யாருக்கும் சட்டென்று நன்றி சொல்லிவிடுகிறவர் அல்ல.

"நீ எப்படிச் சொல்லுவ? இப்ப கடைசியா அந்தக் குட்டை முடிக்காரி என்ன பண்ணினா?" என்று கேட்டார்.

"ரன்ஸ் அப். ஸ்டாப்ஸ். டர்ன்ஸ் பேக்."

"அவ்வளவுதானா? எழுவாய் எங்கே? எதுக்காகத் திரும்பினா?"

"எழுவாயைத் தேடிக்கிட்டு இருந்தா லாரி வந்து இடிச்சிடும் அண்ணி. ஸ்டியரிங் பிடிச்சவகிட்ட நான் கட்டுரையா வாசிக்க முடியும்? புல் அவுட். புல் இன். பேக் அப். ரெண்டு வார்த்தை. முதல் வார்த்தை சொன்னதும் காலு தயாராயிடும், ரெண்டாவது வார்த்தை வர்றதுக்குள்ள வண்டி திரும்பியிருக்கும்."

ஸ்கேல் அம்மா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பார்த்தார். தமிழில் ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள், ஏறிட்டுப் பார்க்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள் என்றால், எட்டுவதும் ஏறிடுவதும் திரும்புவதும் முதலில் வந்துவிடும். பார்ப்பது கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் பார்ப்பது முதலில் வந்துவிடுகிறது. லுக்ஸ் என்று தொடங்கிவிடலாம், அவள் எங்கே பார்க்கப்போகிறாள் என்று இன்னும் தெரியாதபோதே. மேலே நிமிர்ந்தால் அப். குறுக்கே மைதானத்தின் அந்தப் பக்கம் போனால் அக்ராஸ். தலை கவிழ்ந்தால் டவுன். வாலில் ஒட்டும் சின்னச் சொல்லுக்காகக் கண் காத்திருக்கலாம், வாய் காத்திருக்க வேண்டாம். ஓடுவதும் அப்படித்தான். ரன்ஸ் என்று எறிந்துவிட்டால் போதும். உள்ளேயா, சுற்றியா, பின்னாலா என்பதை ஆட்டக்காரியே வந்து முடித்துக்கொடுப்பாள்.

முப்பத்தைந்து வருஷம் அந்தச் சின்னச் சொற்களைக் கடிதத்தில் வாலாட்டும் நாய்க்குட்டி போல நினைத்து அடித்துத் திருத்தியவர் அவர். 'லுக் இன்டு' என்று எவராவது எழுதினால் 'எக்ஸாமின்' என்று மாற்றுவார். 'கோ அப்' என்றால் 'அசெண்ட்'. இப்போது அந்தக் குட்டிகள்தான் வேட்டைக்கு வேண்டியிருந்தன.

"சரி," என்றார். "நீ சொல்றதை அப்படியே எடுத்துக்கறேன். கூட ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன். கண்ணை மட்டும் நான் போடறேன்."

தம்பி மனைவி பைனாகுலரை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த இருபத்தைந்து வருஷத்தில் இந்த நாத்தனார் தன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை.

"உப்புப் போதலைன்னு நான் சொன்னாக்கூட ஒத்துக்க மாட்டீங்களே அண்ணி."

"உப்பு சரியாத்தான் இருந்தது. வேலையைப் பாரு."

இரண்டாம் பாதி தொடங்கியது.

"டிராப்ஸ் பேக்" என்றது காதோரக் குரல்.

"டிராப்ஸ் பேக்" என்றார் ஸ்கேல் அம்மா மைக்கில், "லுக்ஸ் அப், லுக்ஸ்..." குட்டை முடிக்காரியின் தலை திரும்பியது, "அக்ராஸ்."

"பாஸஸ் அக்ராஸ். கட்ஸ் இன். கோஸ் ரவுண்ட்..."

பந்து அந்தப் பக்கம் போன அதே கணத்தில் கீழே பதினெட்டுத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. ஸ்கேல் அம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி அத்தனை தலைகள். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் முன்னால் சாய்ந்தார்கள், பின்னால் சரிந்தார்கள். ஒரு பெரியவர் கம்பித் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். மேற்பார்வையாளர் அம்மாளின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"பிரேக்ஸ் த்ரூ" என்றாள் தம்பி மனைவி. குரல் நடுங்கியது, ஏனென்றால் தடுப்பாட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தவளுக்கும் கோலுக்கும் நடுவில் நின்றது அவள் மகள் மட்டும்தான்.

"பிரேக்ஸ் த்ரூ, லுக்ஸ் லெஃப்ட், லுக்ஸ் லெஃப்ட் அகெய்ன், ஷூட்ஸ்..."

வலது பக்கம். பூனை பாய்ந்தாள், விரல் நுனி பட்டது, பட்டும் பந்து உள்ளே போய்விட்டது. அன்றைக்கு முதல் முறையாக அந்தப் பதினெட்டுப் பேரும், கண்ணுள்ள எதிரணி ரசிகர்களுக்கு ஒரு மூச்சு முன்னதாகவே கத்தினார்கள்.

"நம்ம பொண்ணு கோல் வாங்கினதுக்கு நீங்க ஏன் அண்ணி மேஜையைத் தட்டறீங்க?"

"தட்டலை. கை பட்டுடுச்சு."

தட்டினார்தான். இத்தனை வயதுக்கு மேல் இப்படி ஒரு துள்ளல் உடம்புக்குள் வரும் என்று அவர் நினைக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். முதுகு முன்னால் வளைந்திருந்ததை அவரே கவனிக்கவில்லை.

ஆளுக்கொரு கோலோடு ஆட்ட நேரம் முடிந்தது. பெனால்டி. கூட்டம் எழுந்து நின்றது. அணிக்கு ஐந்து உதை. பதினெட்டுப் பேரும் இருந்த மூலையை ஒட்டியிருந்த கோலில்தான் உதைகள் நடந்தன. அவர்களுக்குப் பந்து கையெட்டும் தூரம். ஆனால் காதால்தான் பார்க்க வேண்டும்.

உதைக்கும் நொடி வரை கோல்கீப்பரின் ஒரு காலாவது கோட்டின் மேல் இருக்க வேண்டும். முன்கூட்டி இரண்டு காலையும் எடுத்துவிட்டால் அந்த உதையை மறுபடி உதைக்க வேண்டும். பயிற்சியில் தம்பி மனைவி அதற்கென்றே சொற்களைப் பிரித்து வைத்திருந்தாள். கால் கோட்டிலேயே இருந்தால் ஸ்டேஸ் ஆன். இரண்டும் விலகிவிட்டால் ஆஃப்.

உதைகள் ஒவ்வொன்றாக நடந்தன. உள்ளூர் அணி ஐந்தில் நான்கைப் போட்டது. எதிரணி நான்கில் மூன்று. கடைசி உதைக்குக் குட்டை முடிக்காரி வந்தாள். இதைப் பூனை பிடித்துவிட்டால் உள்ளூர் அணிக்குக் கோப்பை.

"வாக்ஸ் அப்" என்றாள் தம்பி மனைவி. "புட்ஸ் டவுன்." பந்தைப் புள்ளியில் வைத்தாயிற்று.

"லுக்ஸ் டவுன்" என்றார் ஸ்கேல் அம்மா. "லுக்ஸ் அப். கீப்பர் லுக்ஸ் பேக் அட் ஹெர்." இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தாயிரம் பேர் இருந்த மைதானத்தில் ஒரு கொடி படபடப்பது கேட்டது.

"ஸ்டெப்ஸ் பேக்... ரன்ஸ் அப்... ஆஃப் த லைன்."

சொன்ன மறு நொடியே தம்பி மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வாரப் பழக்கம். கால் விலகினால் வாய் சொல்லிவிடும். அது யாருடைய கால் என்று வாய் பார்ப்பதில்லை. பெற்ற மகளின் கால்.

அதே சமயத்தில் கீழே பந்து உதைக்கப்பட்டு, பூனை அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, புல்லில் உருண்டுகொண்டிருந்தாள். பக்கத்து அறையிலிருந்து தம்பியின் தமிழ்க் குரல், பிடித்துவிட்டாள், பிடித்துவிட்டாள் என்று கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. அவர் பந்தைத்தான் பார்த்திருந்தார். காலைப் பார்க்க அவர் பக்கத்தில் ஆளில்லை. அந்த ஆள் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேல் அம்மாவின் வாய் மைக்குக்கு முன்னால் திறந்திருந்தது. அரை நொடிதான் இருக்கும். விழுங்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. பெண் கோப்பையைத் தூக்குவாள், வீட்டுக்குப் பெருமை. அவர் கண்ணால் பார்க்கவும் இல்லை. அவருடைய வேலை கண், கால் அல்ல. ஆனால் காலைப் பார்த்தவள் சொல்லிவிட்டாள். அதை எடுத்துச் சொல்வதற்குத்தான் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். பதினெட்டுப் பேர் அவரை நம்பிக் காதைக் கொடுத்திருந்தார்கள்.

"ஆஃப் த லைன்" என்றார், கணீரென்று. "போத் ஃபீட் ஆஃப் த லைன். தென் ஷி சேவ்ஸ்."

மைதானம் முழுக்க ஆர்ப்பாட்டம். அதன் நடுவில், மூலையிலிருந்து வேறு ஒரு சத்தம் எழுந்தது. பதினெட்டுப் பேரும் எழுந்து கம்பித் தடுப்பை அடித்தபடி ஆஃப் த லைன், ஆஃப் த லைன் என்று கத்தினார்கள். பார்வையுள்ள ஐந்தாயிரம் பேரில் ஒருவர்கூடக் கவனிக்காததைப் பார்வையில்லாத பதினெட்டுப் பேர் விரலை நீட்டிக் காட்டினார்கள். கோப்பைப் பக்கமாக நடந்துகொண்டிருந்த நடுவர் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான், கோட்டோரத்தில் நின்ற துணை நடுவர் கொடியை உயர்த்தியபடி நிற்பது அவர் கண்ணில் பட்டது. பாவம், அந்தப் பெண் எவ்வளவு நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாளோ.

மறுபடி உதைக்க வேண்டும் என்று நடுவர் கை காட்டினார்.

"நான் உங்ககிட்டதானே சொன்னேன்" என்றாள் தம்பி மனைவி. பல்லைக் கடித்துக்கொண்டு, கிசுகிசுப்பாக. "ஊருக்கா சொன்னேன்?"

"என்கிட்ட சொன்னா ஊருக்குத்தான்."

"பெத்த பொண்ணு அண்ணி. உங்களுக்கும் அவ பொண்ணுதான்."

"அதனாலதான் சொன்னேன். திருட்டுக் கோப்பையை அவ கையில பார்க்க எனக்கு மனசு வராது. பைனாகுலரை எடு."

அவள் எடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தாள். ஸ்கேல் அம்மா தனியாக மைக்குக்குத் திரும்பினார். கண்ணையும் அவரே, காலையும் அவரே பார்க்க வேண்டும். குட்டை முடிக்காரி பந்தை வைத்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். லுக்ஸ் அப் என்றார். கால் எங்கே, பூனையின் கால் எங்கே என்று கண் கீழே ஓடியது. அதற்குள் முகம் தவறிவிட்டது. ரன்ஸ், என்றார். நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

"அப்" என்றது பக்கத்துக் குரல். பைனாகுலர் மேலேறியிருந்தது. கண்ணீர் வழிந்து அதன் விளிம்பில் நின்றது. "ஸ்டேஸ் ஆன். ஸ்டேஸ் ஆன் அண்ணி, ஸ்டேஸ் ஆன்."

"ஸ்டேஸ் ஆன்" என்று மைக்கில் முழங்கினார் ஸ்கேல் அம்மா. "லுக்ஸ் ரைட், ஷூட்ஸ்..."

பார்த்த பக்கமே அடித்தாள் இந்த முறை. பூனை எதிர்ப்பக்கம் பாய்ந்திருந்தாள். நாலுக்கு நாலு. அதற்கடுத்த உள்ளூர் உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது, எதிரணியின் உதை உள்ளே போனது, கோப்பை பஸ் ஏறிப் போயிற்று.

தம்பி மனைவி பைனாகுலரை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, நாத்தனார் பக்கம் திரும்பாமல் இரும்புப் படியில் இறங்கினாள். சற்று நேரத்தில் அதே படியில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு மேற்பார்வையாளர் அம்மாள் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. இப்படி ஓர் ஆட்டத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். பார்த்தது என்றுதான் சொன்னார். பிறகு, உங்கள் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் மைக்கில் கேட்டுக்கொண்டே இருந்ததே, கால் விலகியதை முதலில் சொன்னது அந்தக் குரல்தானே, யார் அது என்று கேட்டார்.

என் தம்பி மனைவி, என்றார் ஸ்கேல் அம்மா. கோல்கீப்பரின் தாய் என்பதையும் சொன்னார். மறைக்க என்ன இருக்கிறது.

மேற்பார்வையாளர் அம்மாள் கைப்பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் மட்டும் என்றால் வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டில் மூன்று நாள் மயான அமைதி. தம்பி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். பூனை மட்டும் அத்தையின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"கால் வந்துடுச்சுன்னு எனக்கே தெரியும் அத்தை. நீங்க சொன்னது சரிதான்."

"உங்க அம்மா சொன்னது."

"அம்மா சொல்லலைன்னா நானே போய் நடுவர்கிட்ட சொல்லியிருப்பேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. அவ்வளவு நல்லவ இல்ல நான்." தலையைச் சொறிந்தாள். "அம்மாகிட்ட பேசுங்க."

"அவ பேசட்டும்."

யாரிடமும் தாமாகப் போய் இறங்கிப் பேசும் பழக்கம் ஸ்கேல் அம்மாவுக்கு இல்லை. அப்பா இருந்தபோதும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒப்பந்தக் காகிதம் சாப்பாட்டு மேஜையின் மேல் கிடந்தது. அவருடைய கையெழுத்து மட்டும் அதில் இருந்தது. தம்பி மனைவி அதைத் தாண்டிப் போனாள், தண்ணீர் பிடித்தாள், திரும்பி வந்தாள், சமையலறை வாசலில் நின்ற நாத்தனார் ஒரு தூண் என்பதுபோல ஒதுங்கி நடந்தாள்.

பதினோரு மணிக்குள் காகிதம் தபாலுக்குப் போக வேண்டும். மணி பத்தே கால். ஸ்கேல் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கெஞ்ச வராது, அதட்டினால் காரியம் கெட்டுவிடும். வாயில் வந்தது ஒன்றுதான்.

"வாக்ஸ் இன்" என்றார், மைக்கில் சொல்வதுபோல, தாழ்ந்த குரலில். "பிக்ஸ் அப் த டம்ளர். வாக்ஸ் பாஸ்ட். லுக்ஸ் த்ரூ மி."

தம்பி மனைவி டம்ளரோடு நின்றாள். கண்ணெதிரே ஆள் நிற்க, கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல ஊடுருவிப் பார்த்துவிட்டுப் போவதாக ஒரு குற்றச்சாட்டு. அவள் டம்ளரை மேடையில் வைத்தாள்.

"அது தப்பு அண்ணி."

"எது?"

"நான் உங்களைப் பார்த்தேன். நல்லாவே பார்த்தேன். பார்த்துட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். லுக்ஸ் அவே. நடந்ததைச் சொல்லுங்க."

"லுக்ஸ் அவே" என்று ஸ்கேல் அம்மா திருத்திக்கொண்டார். அவர் வாழ்நாளில் தன் ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டது அதுவே முதல் முறை. "நீ பார்த்தவ. நீ சொன்னா சரி."

தம்பி மனைவி மேஜைக்கு வந்து காகிதத்தைத் திருப்பினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். அடுத்த ஆட்டத்துல அவ காலை நீங்க பாருங்க. நான் கண்ணைப் பார்க்கறேன். என்னால இன்னொரு தடவை முடியாது."

"எனக்கு அந்தக் கால் வார்த்தையெல்லாம் வேகமா வராதே."

"வர வைக்கறேன். சோபாவை நகர்த்துங்க."

கையெழுத்தைப் போட்டுவிட்டு அவள் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். ஸ்கேல் அம்மா காகிதத்தை நான்காக மடித்து உறையில் போட்டு, தம்பியின் கையில் கொடுத்து, நடந்து போகாதே, ஓடு என்றார். பிறகு சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார்.